நெல்லுக்குச் செஞ்சி, ஓவியத்துக்குப் பனமலை

புதுச்சேரியிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்தில், தமிழகத்தின் பெரிய பழங்காலத் தானியக் களஞ்சியங்களில் சிலவும், எஞ்சியிருக்கும் மிகப் பழைய சுவரோவியங்களில் ஒன்றும் இருக்கின்றன. களஞ்சியங்கள் செஞ்சிக் கோட்டைக்குள்ளும் ஓவியம் பனமலைக் கோயிலிலும் உள்ளன. இரண்டும் விழுப்புரம் மாவட்டத்தின் வயல்வெளிகளுக்கு நடுவே எழும் பாறைக் குன்றுகள். செஞ்சிக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்களில் பனமலைவரை போகிறவர்கள் மிகக் குறைவு.

இங்கே தனித்தனியாக இருக்கும் களஞ்சியமும் ஓவியமும் ஆஸ்திரேலியாவின் கோதுமை நாட்டில் ஒரே சுவரில் சேர்ந்துவிட்டன. 2015இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்த்தாம் ஊரில் ஃபிளெம், ஹென்ஸ் என்ற இரு ஓவியர்கள் சைலோ எனப்படும் உயரமான தானியக் கலங்களின் மேல் வரைந்தார்கள். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் விக்டோரியா மாநிலத்தின் பிரிம் என்ற சிற்றூரில், 1939இல் கட்டப்பட்ட கான்கிரீட் சைலோக்களில் கைடோ வான் ஹெல்டன் அவ்வூர் விவசாயிகளின் உருவங்களைத் தீட்டி முடித்தார். நூறு பேர் அளவே வாழும் ஊருக்கு வெளியூர்க் கார்கள் வரத் தொடங்கின. பக்கத்து ஊர்களும் அதே வழியில் இறங்க, சுமார் 200 கி.மீ. நீளத்துக்கு ஒரு சைலோ ஓவியப் பாதையே உருவாயிற்று.

தமிழகத்தில் அப்படி ஒன்று உருவாகாததற்குக் காரணம் ஓவியர் பஞ்சம் அல்ல. சென்னை கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் 2020இல் தீட்டப்பட்ட பெரிய ஓவியங்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். இங்கே சைலோக்கள் பரவலாக இல்லை, அதுதான் விஷயம். கோதுமையைக் குவியலாகவே லாரியிலும் ரயிலிலும் ஏற்றி உயரமான கலத்தில் கொட்டிவிடலாம். பஞ்சாபின் மோகாவில் அத்தகைய எஃகு சைலோக்கள் உண்டு. நெல்லோ இங்கு மூட்டையில்தான் நகர்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகக் கட்டி, தட்டையான கிடங்கிலோ திறந்தவெளியில் தார்ப்பாய்க்குக் கீழோ அடுக்குகிறார்கள். தார்ப்பாயில் யாரும் ஓவியம் வரையப் போவதில்லை.

ஆகவே இந்தப் பயணத்துக்குப் பழைய காலத்தைத்தான் நாட வேண்டும். அதன் முதல் தடயம் புதுச்சேரிக் கடற்கரையிலேயே இருக்கிறது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும், சிற்பங்கள் செதுக்கிய உயரமான கருங்கல் தூண்கள் செஞ்சி வேங்கடரமணர் கோயிலைச் சேர்ந்தவை. 1750இல் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை செஞ்சியைப் பிடித்தது. 1761இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை அது பிரெஞ்சுக்காரர்களின் கையில் இருந்தது. தூண்கள் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது அந்த ஆட்சியின் விளைவு. கோயில் மண்டபத்துக்குச் செதுக்கியவை இன்று உப்புக்காற்றில் நிற்கின்றன. செஞ்சியில் அதே கோயிலைப் பார்க்கும்போது எங்கெங்கே இடம் காலியாக இருக்கிறது என்று கவனிப்பது நல்லது.

திண்டிவனம் வழியாகச் செஞ்சி சுமார் 70 கி.மீ. திண்டிவனம் தாண்டியதும் சாலையின் இருபுறமும் நெல், மணிலா, கரும்பு, இடையிடையே ஏரிக்கரைகள், பனை வரிசைகள். செஞ்சி இன்றும் தானிய ஊர்தான். அறுவடைக் காலத்தில் அதன் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு விவசாயிகள் டிராக்டர்களில் நெல் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். விலை ஏலத்தில் முடிவாகிறது.

கோட்டை மூன்று குன்றுகளை வளைத்துக் கட்டப்பட்டது: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. கோன் மரபினர் தொடங்கியதாக மரபு. விஜயநகர ஆட்சியின் கீழ் நாயக்கர்கள் அதைப் பெரிதாக்கினார்கள். 1649இல் பீஜப்பூர் சுல்தானும் 1677இல் சிவாஜியும் அதைக் கைப்பற்றினார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியப் படைக்கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை செஞ்சி.

ராஜகிரி அடிவாரத்தில், பல அடுக்குக் கல்யாண மஹாலுக்கு அருகில் பெரிய களஞ்சியம் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அலங்காரம் எதுவும் இல்லாத பருத்த சுவர். உள்ளே போனதும்தான் அளவு புரியும். நீண்டு செல்லும் வளைவுக் கூரை அறைகள், சன்னலே இல்லாத சுவர்கள், பேசினால் திரும்பிவரும் எதிரொலி. படியேறிக் கூரைக்குப் போய் மேலிருந்து தானியத்தைக் கொட்டி நிரப்பும் முறையில் கட்டியிருக்கிறார்கள். மேலிருந்து கொட்டினால் நெல் தன் எடையிலேயே மூலைமுடுக்கெல்லாம் பரவி அமர்ந்துவிடும். ஆள் உள்ளே நின்று வாரித் தள்ள வேண்டியதில்லை. சுவரின் கனம் எதிரிக்காக மட்டும் அல்ல. வெளியே கொளுத்தும் வெயில் உள்ளே நெல்லைச் சூடேற்றாமல் அது தடுக்கிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால்தான் நெல் முளைக்கும், பூசணம் பிடிக்கும், வண்டு வைக்கும். இன்று கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் நெல்லைத் திருப்பிவிடுவதும் அதே அச்சத்தால்தான்.

வீட்டளவில் இந்த வேலையைச் செய்தது குதிர். மண் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே வாய் வைத்து, அடியில் ஒரு துளையை அடைத்து வைப்பார்கள். நிரப்புவது மேலே, எடுப்பது கீழே. ஆள் ஒளிந்துகொள்ளும் அளவுக்குப் பெரிய குதிர்களும் இருந்தன என்பதற்கு எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற பழமொழியே சாட்சி. கோயில்களில் அது மேலும் பெரிதாயிற்று. ஸ்ரீரங்கம் கோயிலில் வட்ட வடிவச் செங்கல் களஞ்சியங்கள் வரிசையாக நிற்கின்றன. பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில், தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்துக் களஞ்சியம் ஒன்று 3000 கலம் நெல் கொள்ளும். பாட்னாவில் 1770 பஞ்சத்துக்குப் பிறகு ஆங்கிலேயர் கட்டிய கோல்கர் 1786இல் முடிந்தது. 29 மீட்டர் உயரமுள்ள அந்தக் குவிமாடம் ஒருநாளும் முழுதாக நிரம்பவில்லை.

செஞ்சிக் களஞ்சியங்களுக்கு அந்தக் கதி நேரவில்லை. ஔரங்கசீப்பின் படை 1690இல் கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். 1698இல்தான் கோட்டை வீழ்ந்தது. அதற்குமுன் ராஜாராம் தப்பிவிட்டார். ஏழு ஆண்டுக்கு மேல் ஒரு கோட்டை தாக்குப்பிடித்தது என்றால் மதிலுக்கு இருக்கும் பெருமையில் பாதியைக் களஞ்சியத்துக்கும் குளங்களுக்கும் கொடுத்தாக வேண்டும். கோட்டைக்குள் சக்கரக்குளம், செட்டிக்குளம் என்று நீர்நிலைகள் இருக்கின்றன. கிருஷ்ணகிரியின் மேலே தனியாகக் களஞ்சியங்களும் எண்ணெய் சேமித்த தொட்டியும் உண்டு. அடிவாரம் எதிரி கைக்குப் போனாலும் உச்சி தனியாகத் தாங்க வேண்டும் என்ற கணக்கு அது. சுமார் 800 அடி உயர ராஜகிரியின் உச்சியை நெருங்கும் இடத்தில் பாறை பிளந்து பெரும் பள்ளம் கிடக்கிறது. அதன் மேல் போட்ட பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியே கிடையாது.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் சாலையில் தெற்கே திரும்பினால் பல்லவர் நாடு தொடங்குகிறது. வழியில் மண்டகப்பட்டுக் குடைவரைக் கோயில். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இக்கோயிலை எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் அங்கே வடமொழிக் கல்வெட்டில் சொல்லியிருக்கிறான். குடைவரையில் இரு பெரிய வாயிற்காவலர் சிற்பங்களைத் தவிர ஆடம்பரம் இல்லை. அந்த அரசனின் பட்டங்களில் ஒன்று சித்திரகாரப்புலி என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். அவன் காலத்து ஓவியங்கள் இப்பக்கத்தில் நிலைக்கவில்லை. அவன் வழிவந்த இராஜசிம்மனின் ஓவியம்தான் பனமலையில் நிலைத்தது.

பனமலை அன்னியூர்ப் பக்கம் உள்ள சிறு கிராமம். ஏரிக்கரையை ஒட்டிய தாழ்ந்த குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயில். 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இராஜசிம்மன் எடுத்தது என்பதை அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு காட்டுகிறது. காஞ்சி கைலாசநாதர் கோயிலை எடுத்தவனும் அவனே. விமானத்தின் பக்கங்களில் ஒட்டினாற்போல் சிற்றாலயங்கள் உண்டு. வடபுறச் சிற்றாலயத்தின் உட்சுவரில்தான் அந்த ஓவியம்.

பார்வதி நிற்கிறாள். ஒரு கால் மடங்கியிருக்கிறது, உடல் லேசாகச் சாய்ந்திருக்கிறது, தலையில் மகுடம், மேலே குடை. அவள் பார்த்துக்கொண்டிருப்பது சிவனின் நடனத்தை. ஆனால் ஆடும் சிவன் ஏறக்குறைய அழிந்துபோய் மங்கிய கோடுகளாக மட்டும் எஞ்சியிருக்கிறான். ஆட்டம் போய்விட்டது, அதைப் பார்த்த முகம் மிஞ்சியது. கருங்கல்லின் மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் காவி, மஞ்சள், கரி, பச்சை மண் ஆகியவற்றால் தீட்டிய நிறங்கள். வரைந்தவனின் திறமை நிறத்தைவிடக் கோட்டில் தெரிகிறது. தாழ்ந்த இமையையும் கழுத்தின் சாய்வையும் தயங்காத ஒரே இழுப்பில் முடித்திருக்கிறான். அளவில் ஆஸ்திரேலியச் சைலோவின் ஒரு விரலுக்குக்கூட இது ஈடாகாது. கை நேர்த்தியில் அங்குள்ள எதுவும் இதற்கு ஈடாகாது.

பல்லவர் ஓவியம் என்று ஒன்று உண்டு என உலகுக்குத் தெரியவைத்ததில் புதுச்சேரிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அங்கே ஆசிரியராக இருந்த கப்ரியேல் ழூவோ துப்ரேய் பல்லவச் சின்னங்களைத் தேடி இந்தக் கிராமங்களில் அலைந்தவர். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பிற்காலப் பூச்சுக்கு அடியில் பல்லவ ஓவியங்கள் இருப்பதை 1931இல் கண்டுபிடித்தவர் அவரே.

மலை ஏற வேண்டியிருப்பதால் செஞ்சியைக் காலையில் வைத்துக்கொண்டு பிற்பகலில் பனமலைக்கு வருவது வசதி. அங்கிருந்து விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி திரும்பலாம். பனமலையில் வழிபாடு நடக்கிறது. கோயில் பூட்டியிருந்தால் ஊரில் விசாரித்தால் திறந்துவிடுவார்கள். செஞ்சிக் களஞ்சியத்தின் சுவர் இன்னும் பல நூற்றாண்டு தாங்கும். பனமலையில் எஞ்சியிருப்பது உதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு பூச்சு. ஆகவே அங்கே போகிறவர்கள் பிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம், சுவரில் கை வைக்கவும் வேண்டாம்.