சிப்பை மாற்றி... சிரிப்பாய்ச் சிரிக்க இருந்த கதை!

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வாங்கும் ஐட்டங்கள் மூன்று. அப்பாவின் சைக்கிள், அம்மாவின் தையல் மெஷின், அப்புறம் கம்ப்யூட்டர்! முதல் இரண்டும் மறுநாள் காலையே வேலைக்குக் கிளம்பிவிடும். கம்ப்யூட்டர் மட்டும் 2003 வாக்கில் ரொம்பத்தான் பிகு பண்ண ஆரம்பித்தது. சுவிட்சைப் போட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போனால், திரும்பி வரும்போதுதான் விண்டோஸ் 98 கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்திருக்கும்.

சும்மா வந்த மெஷின் இல்லை சார் அது! அப்பா மில் எலெக்ட்ரீஷியன். 1998-ல் பி.எஃப். லோன் போட்டு, 52,000 ரூபாயை எண்ணிக் கொடுத்து வாங்கியது. பென்டியம் 2, 350 மெகாஹெர்ட்ஸ், 64 எம்.பி. ராம். அன்றைக்குத் தெருவே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. அதற்கப்புறம் அப்பா அதைத் தொட்டதே இல்லை. தொடுவதற்கு நாங்கள் விட்டதே இல்லை என்பதுதான் நிஜம்.

"அப்பா... தொடாதீங்க, கெட்டுடும்!" இதை நானும் தங்கச்சியும் மாற்றி மாற்றிச் சொல்லியே அஞ்சு வருஷம் ஓடிப் போச்சு.

வினை, தங்கச்சியின் எம்.சி.ஏ. ப்ராஜெக்ட் ரூபத்தில் வந்தது. ஜாவாவில் என்னமோ செய்துகொண்டிருந்தாள். கம்பைல் கொடுத்துவிட்டு காபி போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் அந்த மணல் கடிகாரம் அப்படியே நிற்கும்.

"அண்ணா, பத்து நாள்ல டெமோ. இந்த மெஷினை வெச்சுக்கிட்டு நான் பாஸ் பண்ணினா, திருப்பதிக்கு நடந்தே வர்றேன்!"

புதுசு வாங்கலாம் என்றால் 25,000 ரூபாய்க்குக் குறையாது. அப்பா ரிடையராகி ஆறு மாசம். என் சம்பளமோ பத்தாம் தேதியைத் தாண்டினதாகச் சரித்திரமே கிடையாது. ஆபீஸில் சிஸ்டம்ஸ் பார்க்கிற நண்பனிடம் மூக்கால் அழுதேன்.

"எதுக்குடா புதுசு? ஒரு ஸ்லாக்கெட் வாங்கிப் போடு!" என்றான்.

சாக்கெட் தெரியும், ராக்கெட் தெரியும். அதென்ன ஸ்லாக்கெட்?

கொட்டகையில் இருந்த சமையலறை!

விஷயம் இதுதான். ப்ராசஸருக்குப் பக்கத்திலேயே 'கேஷ்' என்று கொஞ்சம் மெமரி வேண்டும். அடிக்கடி தேவைப்படுகிற சாமான்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கிற அலமாரி மாதிரி. பென்டியம் 2-ல் இந்த அலமாரி தனித்தனி சிப்புகளாக ப்ராசஸருக்கு வெளியே இருந்தது. பழைய வீடுகளில் சமையலறை பின்கட்டுக் கொட்டகையில் இருக்குமே, அந்த மாதிரி! வேகமும் ப்ராசஸர் வேகத்தில் பாதிதான். எல்லாவற்றையும் ஒரே அட்டையில் பொருத்தி, கேசட் மாதிரி மூடிபோட்டு, மதர்போர்டில் நீளமான ஒரு பள்ளத்தில் செருகினார்கள். அந்தப் பள்ளத்துக்குப் பெயர் 'ஸ்லாட் 1'.

கொஞ்ச நாளிலேயே கேஷை சிப்புக்குள்ளேயே வைக்கிற வித்தை கைகூடிவிட்டது. சமையலறை வீட்டுக்குள் வந்தாச்சு! அப்புறம் அட்டை எதுக்கு, மூடி எதுக்கு? 1999-ல் இன்டெல்காரர்கள் செலரானைச் சதுரமான 'சாக்கெட் 370'-க்கு மாற்றிவிட்டார்கள். பின்னாலேயே பென்டியம் 3-ம் வந்தது.

அப்போ, ஸ்லாட் 1 போர்டு வாங்கின எங்களை மாதிரி ஆசாமிகள்? எங்களுக்காகப் பிறந்ததுதான் ஸ்லாக்கெட். ஒரு பக்கம் ஸ்லாட்டில் செருகுகிற அட்டை, இன்னொரு பக்கம் சதுர சாக்கெட். அயர்ன் பாக்ஸின் மூணு பின் பிளக்கை ரெண்டு ஓட்டை பாயின்ட்டில் மாட்டுகிற கன்வெர்ட்டர் மாதிரி. அவ்வளவுதான்!

கணக்கும் கச்சிதமாக இருந்தது. என் போர்டில் 440பி.எக்ஸ். சிப்செட். அது ஒரு செகண்டுக்கு 100 மில்லியன் தரம் தாளம் தட்டும். பழைய ப்ராசஸர் அதை மூணரையால் பெருக்கி 350-ல் ஓடியது. செலரான் 800 அதே தாளத்தை எட்டால் பெருக்கிக்கொள்ளும். ஆக, போர்டை மாற்ற வேண்டியதில்லை. வேகம் மட்டும் ரெண்டு மடங்குக்கு மேலே!

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சாமான் விற்கிற பாய் கடையில் செலரான், ஸ்லாக்கெட் ரெண்டும் சேர்த்து 1,600 ரூபாய். "ரன்னிங் பீஸ், தம்பி! கண்ணை மூடிட்டு மாட்டுங்க!" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டுதான் மாட்டினேன்.

கறுப்புத் திரை!

ராத்திரி பதினொன்றரை. எல்லோரும் தூங்கின பிறகு ஆபரேஷனை ஆரம்பித்தேன். பழைய அட்டையைப் பிடுங்கி, ஸ்லாக்கெட்டைச் செருகி, பிள்ளையாரை வேண்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. ஸ்கிரீன்..? கும்மிருட்டு. ஒரு 'பீப்' சத்தம்கூட இல்லை.

வியர்த்துவிட்டது சார் எனக்கு. 52,000 ரூபாய்! அதுவும் அப்பாவின் பி.எஃப்.!

"என்னடா பண்றே?"

பின்னால் அப்பா. பனியனோடு நிற்கிறார். பொய் சொல்லிப் பார்த்தேன், வாய் குழறியது. உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தால், மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"பழசை மறுபடி மாட்டு."

மாட்டினேன். விண்டோஸ் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது. போன உயிர் திரும்பி வந்தது... எனக்கு!

"அப்போ போர்டு சாகலை. அந்தப் புது சிப்பைக் கொடு."

லைட் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பொடி எழுத்தில் 800/128/100/1.7வி என்று வரிசையாக இருந்தது. வேகம், கேஷ், தாளம்... கடைசியில் வி?

"இது வோல்டேஜ்தானே? போர்டு எத்தனை வோல்ட் கொடுக்கும்?"

சத்தம் கேட்டு எழுந்து வந்த தங்கச்சி, பரணிலிருந்து போர்டோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்தாள். 1.8 முதல் 3.5 வோல்ட் வரை என்று போட்டிருந்தது.

அப்பா சிரித்தார். "அட பைத்தியக்காரா! எதுவும் கெட்டுப் போகலை. இவன் 1.7 கேட்கிறான். அவன்கிட்டே இருக்கிற கடைசிப் படி 1.8. தெரியாத கணக்கு வந்ததும் கொடுக்கவே மாட்டேன்னு கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான். நல்ல ரெகுலேட்டர்டா இது. தப்பா கொடுக்கிறதைவிட கொடுக்காம இருக்கிறது மேல்!"

ப்ராசஸர் தனக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்பதைச் சில பின்கள் மூலமாகத் தானே போர்டுக்குச் சொல்லும். 1998 போர்டுகள் பலவற்றுக்கு 1.8-க்குக் கீழே பாஷையே தெரியாது. நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்ட இந்த விஷயத்தை, முப்பது வருஷம் மோட்டாரோடு மாரடித்த மனுஷர் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ரெண்டே நிமிஷத்தில் சொல்லிவிட்டார். நாமோ அவரை அஞ்சு வருஷமாக மௌஸைத் தொடவிடவில்லை!

அப்பாவும் பாயும்!

மறுநாள் அப்பாவும் கூட வந்தார். "வோல்டேஜை இதுலயே மாத்துற மாதிரி ஜம்பர் வெச்ச அட்டை இருக்கா?" என்று கேட்டதும் பாய் எழுந்து நின்றுவிட்டார். "பெரியவருக்கு விஷயம் தெரியுது!" என்று ஸ்டூலை எடுத்துப் போட்டு டீ சொன்னார். 150 ரூபாய் மேலே வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார்.

ஜம்பரை 1.8-ல் வைத்தால் ப்ராசஸர் என்ன கேட்டாலும் போர்டுக்கு 1.8 என்றே சேதி போகும். "பத்துல ஒரு வோல்ட் கூடப் போகுதேப்பா?" என்றேன். அப்பா பஸ் டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போட்டார். "சூடு வோல்டேஜோட வர்க்கத்துல ஏறும். நூத்துக்குப் பன்னிரண்டு கூட வரும். கொஞ்சம் பெரிய ஃபேனா வாங்கிடு. மோட்டாரா இருந்தா என்ன, சிப்பா இருந்தா என்ன... கணக்கு ஒண்ணுதான்!"

அன்று ராத்திரி ஸ்கிரீனில் எழுத்து வந்தது. ஆனால், முழுச் சந்தோஷம் இல்லை. இது என்ன ப்ராசஸர் என்றே போர்டுக்குப் புரியவில்லை. விண்டோஸ் பாதி வழியில் நீலமாகி நின்றது. புது சிப்பைப் பற்றிய விவரம் பழைய பயாஸில் இல்லை. பயாஸைப் புதுப்பிக்க வேண்டும்.

இதில்தான் உயிர் போகிற ஆபத்து. பழைய பயாஸை அழித்துப் புதுசை எழுதுகிற அந்த ஒண்ணு, ரெண்டு நிமிஷத்தில் கரண்ட் போனால்... மதர்போர்டுக்கு சங்குதான். பிரவுசிங் சென்டரில் ஃபைலை ஃப்ளாப்பியில் எடுத்து வந்தேன். ஃப்ளாப்பியை நம்ப முடியாது என்று ரெண்டு காப்பி!

"யு.பி.எஸ். இல்லாம கை வைக்காதே" என்று அப்பா ஆர்டர் போட்டுவிட்டு, தெருமுனை டி.டி.பி. கடையில் இரவல் வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார்.

ஒன்பதே கால். என்டரைத் தட்டினேன். ஸ்கிரீனில் கட்டம் கட்டமாக நகர்கிறது. பாதி தாண்டியிருக்கும்...

பட்! தெருவே இருட்டு.

யு.பி.எஸ். மட்டும் 'கீக்... கீக்...' என்று கத்துகிறது. அந்த இருட்டில் மானிட்டர் வெளிச்சத்தில் நாலு முகங்கள். அம்மா மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிகிறாள். தங்கச்சி என் தோளை நகத்தால் பிறாண்டுகிறாள். அப்பா மட்டும் அசையவில்லை. "பேட்டரி தாங்கும்... தாங்கும்..." அவருக்கே அவர் சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது.

கடைசிக் கட்டம் நகர்ந்தது. முடிந்தது! ரீஸ்டார்ட். பளிச்சென்று செலரான் 800!

அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள்: "என் மிக்ஸிக்கு இந்த மாதிரி ஒண்ணு கிடைக்குமாடா?"

கூடவே 128 எம்.பி. ராம் ஒன்றும் சேர்த்தோம். தங்கச்சிக்கு காபி போட நேரமில்லாமல் கம்பைல் முடிந்தது. டெமோவும் பாஸ்! திருப்பதி நடைப்பயணத்தை மட்டும் இன்றுவரை நாங்கள் நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறோம்.

பரணில் பழைய பெட்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு மூன்று வார்த்தை. சாக்கெட்டில் உட்கார்வதெல்லாம் வேலை செய்துவிடாது. ஆரம்ப கால ஸ்லாக்கெட்டுகள் பழைய செலரானுக்கு மட்டும்தான். 2001-ல் வந்த டுவாலட்டின் ரகத்துக்கு அதற்கென்றே செய்த அடாப்டர் வேண்டும். போர்டு, அடாப்டர், சிப் மூன்றின் வோல்டேஜையும் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

இப்போது அடாப்டர் காலம் மலையேறிவிட்டது. ஆனால், ஆசை போகவில்லை. 2017-ல் வந்த ஏ.எம்.4 போர்டுகள் பலவற்றில், 2022-ல் வந்த ரைஸன் ப்ராசஸரைப் பயாஸ் மாற்றியே போடலாம். யு.பி.எஸ்.ஸை மட்டும் மறக்காதீர்கள்!

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு கம்ப்யூட்டருக்கு அப்பாவே பொட்டு வைத்தார். நாங்கள் யாரும் 'தொடாதீங்க' என்று சொல்லவில்லை. பக்கத்தில் பார்த்தால், கழற்றிப்போட்ட பழைய பென்டியம் 2 அட்டைக்கும் ஒரு பொட்டு!

"இது எதுக்குப்பா? இதான் வேலையில் இல்லையே?" என்றேன்.

"ரிடையரானா என்னடா? உழைச்ச மெஷினுக்கு மரியாதை வேண்டாமா?"

அவருக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு, சுண்டல் எடுக்கப் போனேன்.