பூங்காவில் களைக்கொல்லி

மஞ்சள் பூவும் நீலச் சாயமும்

கலிபோர்னியாவைச் சேர்ந்த சான் பிரான்சிஸ்கோ நகரத்தில், குடியிருப்புகளுக்கு நடுவே பள்ளத்தாக்காகத் தாழ்ந்து கிடக்கும் கிளென் கேன்யன் பூங்காவிலும், அதனை அடுத்த ட்வின் பீக்ஸ் குன்றுகளிலும், குளிர்கால மழை பெய்து ஓயும் பருவத்தில் சரிவெல்லாம் மஞ்சள் பூ மண்டிவிடும். நம்மூர் வரப்புகளில் முளைக்கும் புளியாரையின் இனத்தைச் சேர்ந்த அந்தச் செடி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறியது. அதன் தண்டைக் கிள்ளி வாயிலிட்டுப் புளிப்பைச் சுவைப்பது அவ்வூர்க் குழந்தைகளின் வழக்கம். பூங்கா நிர்வாகமோ, லூபின் முதலான சுதேசித் தாவரங்களை அது நெருக்கி அழிக்கிறதென்றும், 2009-இல் ட்வின் பீக்ஸில் மீண்டும் கொணர்ந்து விடப்பட்ட மிஷன் புளூ என்னும் அரிய பட்டாம்பூச்சிக்கு லூபினே ஜீவாதாரமென்றும் கருதி, களைக்கொல்லி தெளிப்பித்து வந்தது. தெளித்த இடம் புலப்பட வேண்டி மருந்தோடு நீலச் சாயம் கலப்பதுண்டு. குழந்தைகள் மெல்லும் தண்டின்மேல் அந்த நீலக்கறையைக் கண்ட அக்கம்பக்கத்தார் கலங்கியதில் வியப்பில்லை.

இதை அறியாமையென்று தள்ளிவிடுவது நியாயமாகாது; பட்டாம்பூச்சியைக் காக்க முனைந்தவர்களைக் கொடியவர்களாகச் சித்திரிப்பதும் அவ்வாறே. ஆயினும், மருந்து தெளிப்பது என்று தீர்மானிப்பவர் ஒருவராகவும், அதை மிதித்து நடப்பவர் வேறொருவராகவும் இருக்கும் இடத்தில், நடப்பவருக்கு முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லியாக வேண்டும் என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

மருந்து செய்யும் வேலை

இப்பூங்காக்களில் பேச்சுக்கு இடமான மருந்துகள் முக்கியமாக இரண்டு. 1974-இல் ரவுண்டப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த கிளைஃபோசேட், தாவரங்கள் சில அத்தியாவசிய அமினோ அமிலங்களை உண்டாக்கிக்கொள்ளும் இரசாயனப் பாதையில் ஒரு நொதியை முடக்கிவிடுகிறது. கார்லான் என்ற பெயரில் விற்கப்படும் டிரைகுளோபைர், செடியின் வளர்ச்சி ஊக்கியைப் போல நடித்து, அதைத் தாறுமாறாக வளரச் செய்து மாளச் செய்கிறது. கிளைஃபோசேட் தாக்கும் அந்தப் பாதை மனித உடலிலேயே கிடையாது. ஆகவே மனிதருக்குத் தீங்கில்லை என்று நெடுங்காலம் வாதிக்கப்பட்டது. ஆனால் புட்டியிலிருப்பது மூல மருந்து மட்டுமன்று. இலையில் ஒட்டிப் பரவுவதற்காகச் சேர்க்கப்படும் துணைப்பொருள்களும் அதிலிருக்கின்றன. அவற்றுள் ஒன்றைக் கிளைஃபோசேட்டோடு கலப்பதை 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடுத்துவிட்டது. கார்லானின் எஸ்டர் வகை மீன்களுக்குக் கொடியது. கிளென் கேன்யனிலோ ஓடை ஒன்று ஓடுகிறது.

புற்றுநோய்ச் சர்ச்சை

உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2015-இல் கிளைஃபோசேட்டை "மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது" என்ற 2ஏ வகையில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதற்கு மாறான முடிவையே கூறி வந்திருக்கிறது. முன்னது, ஒரு பொருளுக்குத் தீங்கு செய்யும் ஆற்றல் உண்டா என்று கேட்கிறது. பின்னது, வழக்கமான உபயோகத்தில் உடலில் சேரும் அளவு தீங்கு செய்யுமா என்று கேட்கிறது. அவ்வப்போது பூங்காவில் உலாவுகிறவரைவிட, நாள்தோறும் மருந்து தெளிக்கும் தொழிலாளியே இச்சர்ச்சையில் முதலில் நினைக்கப்பட வேண்டியவர். சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள பெனிசியா ஊர்ப் பள்ளிகளின் மைதானங்களில் இம்மருந்தைத் தெளித்து வந்து, பின்னர் நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஆளான டிவெய்ன் ஜான்சன் தொடுத்த வழக்கில், உற்பத்தியாளரான மான்சான்டோ நிறுவனம் 28.9 கோடி டாலர் செலுத்த வேண்டுமென 2018-இல் ஜூரிகள் தீர்ப்பளித்தனர்; மேல்முறையீட்டில் அத்தொகை சுமார் 2 கோடி டாலராகக் குறைந்தது.

உடலுக்குள் புகும் வழிகள்

புற்றுநோய் பற்றிய விவாதம் முடிவதற்காகக் காத்திராமல், இன்றே கவனிக்க வேண்டியவை உண்டு. தெளிப்பு மருந்து தோல், கண், மூச்சு, வாய் ஆகிய வழிகளால் உடலைச் சேர்கிறது. கண் எரிச்சல், தோலில் தடிப்பு, தொண்டைக் கரகரப்பு ஆகியவை உடனடியாகத் தோன்றக்கூடியவை. குழந்தைகள் தரையில் புரண்டு, கையை அடிக்கடி வாயில் வைப்பதாலும், அவர்களுடைய எடை குறைவாதலாலும், அதே அளவு மருந்து அவர்களுக்குப் பெரிதாகிவிடுகிறது. புல்வெளியில் தெளித்த 2,4-டி என்னும் களைக்கொல்லி, செருப்படியிலும் நாயின் பாதத்திலும் ஒட்டிக்கொண்டு வீட்டுத் தரைவிரிப்பு வரை வந்து சேர்வதை அமெரிக்க ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. செருப்பை வாசலிலேயே விடும் நம் பழக்கம் இவ்வகையில் சிலாக்கியமானது. தெளித்த இடம் நன்றாக உலரும்வரை அங்கே கால் வைக்கலாகாது. மருந்து மேலே பட்டால் துணியைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் பதினைந்து, இருபது நிமிஷம் சுத்தமான நீரை ஓடவிட வேண்டும். விழுங்கிவிட்டவரை வைத்தியர் சொல்லாமல் வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது.

முன்னறிவிப்பு

பிரான்ஸ் தேசத்தில் 2017 முதல் பொதுப் பூங்காக்களில் இரசாயனப் பூச்சிமருந்து, களைமருந்துப் பிரயோகம் பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிட்டது. நியூயார்க் நகரமும் 2021-இல் அவ்வழியே சட்டமியற்றியது. கையால் பிடுங்குவது உத்தமம் என்றாலும், மேற்சொன்ன மஞ்சள் பூச்செடி பூண்டுப் பல் போன்ற சிறு கிழங்குகளை மண்ணில் விட்டுச் செல்வதால், ஒரு முறை பிடுங்கினால் போதாது. வருஷந்தோறும் திரும்பத் திரும்பப் பிடுங்குவதற்கு ஆளும் பொருளும் வேண்டும். அச்செலவு ஏற்கத்தக்கதே.

மருந்தைக் கைவிடும்வரை, சான் பிரான்சிஸ்கோ 1996 முதற்கொண்டு அனுசரித்து வரும் விதியைப் பிற நகரங்களும் கைக்கொள்ளலாம். அங்கே பொதுவாக, தெளிப்பதற்கு மூன்று நாள் முன்பே பலகை வைத்து, தெளித்தபின் நான்கு நாள்வரை அதை எடுக்காமல் விட வேண்டும். அப்பலகையில் மருந்தின் பெயரும் தேதியும் வழிப்போக்கர் படிக்கத்தக்க எழுத்தில் இருக்கின்றனவா என்று அக்கம்பக்கத்தார் முதலில் பார்க்கட்டும். இரவில் குழந்தைக்குத் தோல் தடித்து வைத்தியரிடம் ஓடும் தாயிடம், எந்த மருந்து பட்டது என்பதே வைத்தியர் கேட்கும் முதற்கேள்வியாக இருக்கும்.