காற்று தள்ளிய விமானத்தை நீங்கள் தள்ளாதீர்கள்

வேகக்காற்றில் தரையிறங்கும் சிறு விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்வெளிக்குள் பாய்வது அமெரிக்காவில் புதிதல்ல. பெரும்பாலும் ஓட்டியவர் காயமின்றி இறங்கிவிடுவார். அதன்பின் நடப்பதுதான் பொறுக்க முடியாதது. நாலு பேர் சேர்ந்து விமானத்தை ஹேங்கருக்குள் தள்ளிவிட்டு, யாருக்கும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் காற்று. கட்டுப்பாட்டுக் கோபுரம் இறங்க அனுமதி கொடுத்தால், காற்று பாதுகாப்பானது என்று அது சான்று கொடுத்ததாக நினைக்காதீர்கள். முடிவு விமானியுடையது. செஸ்னா 172 கையேட்டில் பக்கக்காற்றுக்கு 15 நாட் என்றிருப்பது, சோதனைப் பறப்பில் செய்து காட்டிய அளவு. புது மாணவரின் கைக்கு அது அளவாகாது. காற்று 12 நாட், இடையிடையே 22 வரை எகிறுகிறது என்றால், வித்தியாசத்தில் பாதியை, அதாவது 5 நாட்டை, இறங்கும் வேகத்தோடு கூட்டுங்கள். விமானம் துள்ளினால் அடக்கப் பார்க்காமல் மேலெழும்பிச் சுற்றி வாருங்கள். சக்கரம் பட்ட பிறகும், விமானம் நிற்கும்வரை கட்டுப்பாட்டை விடாதீர்கள்.

விபத்து நடந்துவிட்டதா? யாருக்காவது பலத்த காயமோ விமானத்துக்குக் கணிசமான சேதமோ இருந்தால், தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்துக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். 24 மணி நேரமும் இயங்கும் அதன் எண் 844-373-9922. சக்கரம், டயர், பிரேக், ஃபிளாப், இறக்கை நுனி ஆகியவற்றின் சேதமோ, தரையில் உரசி வளைந்த புரொப்பெல்லரோ மட்டும் என்றால் அது கணிசமான சேதத்தில் சேராது. இறக்கையின் உள்சட்டமோ எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புச்சுவரோ வளைந்திருந்தால் கதை வேறு. சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுங்கள். பயிற்சிப் பள்ளிக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

அறிவிக்க வேண்டிய விபத்தென்றால், வாரியம் பொறுப்பேற்கும்வரை விமானத்தை நகர்த்தக் கூடாது. சிக்கியவரை மீட்க, மேலும் சேதமாகாமல் காக்க, பொதுமக்களுக்கு ஆபத்தைத் தவிர்க்க மட்டுமே நகர்த்தலாம். அப்போதும் கிடந்த நிலையைப் படமெடுத்து, வரைந்து, குறித்துவையுங்கள். பறப்புப் பதிவேடுகளையும் பத்திரப்படுத்துங்கள். மறுபடி சொல்கிறேன்: ஓடுபாதையைத் திறக்க வேண்டும் என்று விமான நிலையத்தார் அவசரப்படுத்தினாலும், வாரியத்திடம் பேசாமல் தள்ளாதீர்கள்.

அடுத்த 10 நாட்களுக்குள் 6120.1 என்ற படிவத்தை வாரியத்திடம் கொடுக்க வேண்டும். விமானியின் வாக்குமூலமும் அதோடு சேரும். நினைவிலிருப்பதை மட்டும் எழுதுங்கள், ஊகம் வேண்டாம்.

நாசாவின் விமானப் பாதுகாப்பு அறிக்கை முறையில் 10 நாட்களுக்குள் எழுதிவிட்டால் தண்டனையிலிருந்து தப்பலாம் என்று பலர் நம்புகிறார்கள். விபத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. விபத்தைப் பற்றி எழுதினால், பெயரோடு அது வாரியத்துக்கும் விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கும் போய்விடும்.

தரையில் அடிபட்ட புரொப்பெல்லரை மாற்றிவிட்டு அப்படியே பறக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எஞ்சினையும் பரிசோதிக்க வேண்டும்.

வாடகை விமானம் ஓட்டுபவர்களே, உரிமையாளரின் காப்பீடு முதலில் அவரைத்தான் காக்கும். இழப்பீடு கொடுத்த நிறுவனம் அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிக்க வரலாம். வாடகைதாரருக்கென்று தனிக் காப்பீடு உண்டு. சாவியை வாங்குவதற்கு முன்பே அதை எடுத்துவிடுங்கள்.