கீரை உண்ணும் நெறி

பழந்தமிழர் கீரையை ‘அடகு’ என்று வழங்கினர். இன்று அச்சொல்லை வட்டிக்கடைக்கு விட்டுவிட்டோம். எனினும் கீரையைக் கைவிட்டோம் இல்லை. இரும்பும் சுண்ணாம்பும் உயிர்ச்சத்துக்களும் பொருந்திய அவ்வுணவால் தீங்கும் விளையுமோ எனின், விளையும். ஆயினும் குற்றம் பெரும்பாலும் கீரையினுடையது அன்று.

முதற்கண், அது வளர்ந்த நீரை நோக்குவோம். தோல் பதனிடுதல் திண்டுக்கல்லின் பழந்தொழில்களுள் ஒன்று. அதன் கழிவுநீர் கிணறுகளையும் விளைநிலங்களையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கழிவைத் தூய்மை செய்தாக வேண்டிய தோல் ஆலைகளுள் திண்டுக்கல் மாவட்டத்து ஆலைகளும் அடங்கின. தோலைப் பதமாக்க உதவும் குரோமியம் பெரும்பாலும் பயிரின் வேரிலேயே தங்கும். சாக்கடை நீரில் கலந்து வரக்கூடிய காட்மியம் என்னும் உலோகமோ இலைவரை ஏறும். இலையினுள் ஏறிய நஞ்சு எத்துணை முறை கழுவினும் அகலாது. ஆகவே, கீரையின் பசுமையைக் கண்டு மகிழுமுன், அதற்குப் பாய்ந்த நீர் யாது என வினவுதல் தகும்.

இலைமேல் ஒட்டிய மண்ணையும் புழுமுட்டையையும் நாமே போக்கலாம். அகன்ற பாத்திரத்து நீரில் கீரையை அமிழ்த்தி அலசிய பின், கீரையைத்தான் மேலே எடுத்தல் வேண்டும். நீரைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மீண்டும் கீரையிலேயே படியும். வேகும் கீரைக்கு நெருப்பும் துணை. பச்சையாகத் தூவும் கொத்தமல்லிக்கு நீர் ஒன்றே துணை.

இனி, உண்பவர் உடல். பசலையிலும் முளைக்கீரையிலும் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. அது சுண்ணாம்புடன் கூடிச் சிறுநீரகத்தில் கல்லாக இறுகக்கூடும். வேகவைத்த நீரை வடித்துவிட்டால் அவ்வமிலத்தில் ஒரு பகுதி நீங்கும். கீரையும் தயிரும் சேரா என்பார் சிலர்; கல்நோய் உற்றவர்க்கோ அச்சேர்க்கை நன்று. தயிரிலுள்ள சுண்ணாம்பு அவ்வமிலத்தைக் குடலிலேயே பற்றிக்கொள்ளும்.

மருந்து உண்போர் அகத்திக்கீரையை விலக்குதல் நம் முன்னோர் வழக்கு. அது மருந்தை முறிக்கும் என்பர். இதனை ஒத்த செய்தி ஒன்று இக்கால மருத்துவத்திலும் உண்டு. குருதி உறையாதிருக்க ‘வார்பரின்’ உண்போர்க்கு, கீரையில் மிகுந்துள்ள கே உயிர்ச்சத்து அம்மருந்தின் ஆற்றலைக் குறைக்கும். அதற்காக அவர் கீரையை அறவே விடவேண்டுவதில்லை. ஒரு வாரம் மிகுதியாகவும் மறுவாரம் சிறிதுமின்றியும் உண்பதே இடர் தருவது. எந்நாளும் ஏறக்குறைய ஒத்த அளவே உண்ணுதலும், அளவை மாற்றுமுன் மருத்துவரைக் கேட்டலும் வேண்டும். உங்கள் இல்லத்தில் பாட்டனார் அம்மருந்தை உண்பவராயின், கீரை கடையும் அன்னையார் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.