பெயர்த்து நட்ட கடற்கரை

கோல்ஃப் என்றதும் செல்வந்தரின் பொழுதுபோக்கென்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அதன் தாயகமான ஸ்காட்லாந்தில், கடலுக்கும் கழனிக்கும் இடையே உழவுக்கு உதவாத மணற்பாங்கான புல்வெளியை 'லிங்க்ஸ்' என்பர். ஆட்டம் வளர்ந்தது அங்கேதான்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், பசிபிக் கரையிலுள்ள பேண்டனில், அத்தகைய பழந்திடல்களின் சாயலில் 'ஓல்ட் மெக்டொனால்ட்' என்னும் திடல் 2010-இல் திறக்கப்பட்டது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பயின்று, ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற குழிகளின் அமைப்பை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்ற சார்லஸ் பிளேர் மெக்டொனால்டின் நினைவாக அப்பெயர். மணலும் கடற்காற்றும் அங்கே மெய்யானவை. வண்டியில் சுற்ற இயலாது. நடந்தே ஆட வேண்டும். இவ்வளவு நேர்மையான நகலைக் காண்பது அரிது.

ஆயினும் மூலத்தில் வேறொன்று உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸ் பழந்திடலின் 17-ஆம் குழியருகே ஒரு சாலை செல்கிறது. பந்து அதில் விழுந்தால் அங்கிருந்தே அடித்தாக வேண்டும். ஊர் திடலுக்குள் புகுந்து நிற்கிறது என்றே சொல்லலாம். அந்நிலத்தில் முயல் வளர்க்க இசைவு பெற்ற பேராயர் ஜான் ஹாமில்டன், நகர மக்கள் அங்கு விளையாடும் உரிமையை ஏற்று 1552-இல் சாசனம் அளித்தார். பிற்காலத்தில் அதே முயல்களால் நீண்ட வழக்கு மூண்டது வேறு கதை.

பேண்டன் திடல் ஓர் உல்லாச விடுதிக்குச் சொந்தமானது. செயின்ட் ஆண்ட்ரூஸிலோ ஞாயிறுதோறும் ஆட்டத்தை நிறுத்திவிடுவது வழக்கம். அன்று ஊரார் குழந்தைகளுடன் அப்புல்வெளியில் கட்டணமின்றி உலாவுகின்றனர்.