கழன்ற உறையும் கெடாத கருவியும்

நாம் நிற்கும் இடம் எது என்று விண்ணைக் கேட்டுச் சொல்லும் ஜி.பி.எஸ். கருவியை இன்று அறியாத மாணவர் இல்லை. பெரும்பாலோர்க்கு அது கைப்பேசிக்குள் அடங்கிய ஒரு வசதி. ஆனால், காட்டிலும் மலையிலும் களப்பணி செய்யும் தாவர இயல், விலங்கியல், புவியியல் மாணவர்களுக்குத் தனியான கைக்கருவிதான் உற்ற துணை. அது உள்ளங்கையில் அடங்கும். இரண்டு சிறிய பாட்டரிகளைக் கொண்டு பகல் முழுவதும் இயங்கும். மழைக்கும் அடிக்கும் எளிதில் அஞ்சாது. அதன் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் உறையைப் பசையிட்டு ஒட்டியிருப்பார்கள். அவ்வுறை கழன்று தொங்கினால் என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

"இதற்கும் ஒரு கட்டுரையா?" என்று நண்பர்கள் நகைக்கலாம். எங்கள் துறையில் நான்கு மாணவர்களுக்கு ஒரே கருவி. ஆகும்பே மழைக்காட்டிற்குச் சென்று திரும்பியபோது அதன் உறை பாதி கழன்றிருந்தது. வெளியே கொண்டுபோய்க் கேட்டதற்கு, "இதற்கெல்லாம் உதிரிப்பொருள் கிடைக்காது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற விடைதான் கிடைத்தது. கருவியின் உள்ளே ஒரு குறையும் இல்லை. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களின் குரல் அதற்கு நன்றாகவே கேட்கிறது. ஒரு ரப்பர்ப் பட்டை நழுவியது என்பதற்காகப் பல்லாயிரம் ரூபாய்க் கருவியை அலமாரியில் போட்டுப் பூட்டலாமா? அவ்வாறு பூட்டினால், அடுத்த பருவத்தில் நால்வரில் எவரோ ஒருவருடைய ஆராய்ச்சியும் அதனுடன் சேர்ந்து பூட்டப்படும். ஆகவே இது நகைத்துத் தள்ளும் செய்தி அன்று.

உறையின் வேலை என்ன?

கருவியின் கூடு இரண்டு பிளாஸ்டிக் பாதிகளால் ஆனது. அவை சேரும் இடத்தில் ஒரு கோடு ஓடும். அக்கோட்டின்மேல்தான் ரப்பர் உறை அமர்கிறது. கீழே விழுந்தால் அதிர்ச்சியைத் தாங்குவது, சேறும் மணலும் இடுக்கில் புகாமல் தடுப்பது, பக்கவாட்டுப் பொத்தான்களை மூடிக் காப்பது ஆகிய மூன்றும் அதன் கடமைகள். பல கருவிகளில் நீரைத் தடுக்கும் வேலையை உள்ளே இருக்கும் வேறொரு ரப்பர் வளையம் செய்கிறது. சிலவற்றில் உறைக்கு அடியில் ஒட்டிய மெல்லிய நாடாவுக்கும் அதில் பங்கு உண்டு. ஆதலால் உறையைக் கழற்றும்போது அடியில் அத்தகைய நாடாவைக் கண்டால் அதைப் பிய்த்தெறியக் கூடாது.

பசை ஏன் தோற்றது?

நோயின் காரணம் அறியாமல் மருந்து கொடுப்பது வைத்தியம் ஆகாது. உறை கழன்றதும் நாம் ரப்பரைக் குறை கூறுகிறோம். உண்மையில் பெரும்பாலும் தோற்றது ரப்பர் அன்று. ரப்பருக்கும் பிளாஸ்டிக்கிற்கும் நடுவே இருந்த, தாளின் கனமே உள்ள பசைப் படலம்.

இப்பசை காய்ந்து இறுகும் வகையைச் சேர்ந்தது அன்று. அழுத்தினால் ஒட்டும் வகை. அது என்றும் பாதித் திடமாகவும் பாதித் திரவமாகவுமே இருக்கும். வெடுக்கென்று இழுத்தால் திடப்பொருள்போல் எதிர்த்து நிற்கும். மெல்ல மெல்ல, ஓயாது இழுத்தால் பாகுபோல் வழிந்து இடம் கொடுத்துவிடும். இந்தப் பண்பை மனத்தில் கொண்டால் அது தோற்பதற்கான மூன்று காரணங்களும் எளிதில் விளங்கும்.

முதற் காரணம் வெப்பம். வெயிலில் நிறுத்திய ஜீப்பின் முன்பலகையில் கருவியை வைத்துவிட்டுச் செல்கிறோம். கண்ணாடி மூடிய வண்டிக்குள் வெப்பம் வெளியே உள்ளதைவிட மிகவும் ஏறிவிடும். அந்தச் சூட்டில் பசை இளகுகிறது.

இரண்டாவது காரணம் எண்ணெய். நம் ஊரில் பலாப்பழம் அறுப்பவர்கள் முதலில் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? எண்ணெய்ப் படலம் இருக்கும் இடத்தில் பலாப்பால் ஒட்டாது என்பதே அதன் இரகசியம். களப்பணியில் இதே செயல் நாம் விரும்பாமலே நடந்துவிடுகிறது. அட்டைக் கடிக்காகக் காலில் தடவிய எண்ணெய், தலைக்கு வைத்த எண்ணெய், வெயிலுக்குப் பூசிய களிம்பு ஆகியவை கை வழியே கருவியின் விளிம்பைச் சேர்ந்து, இடுக்கில் ஊறிப் பசையைக் குழைத்துவிடுகின்றன. கொசு அண்டாமல் பூசும் மருந்துகளில் உள்ள டீட் என்னும் பொருள் இன்னும் பொல்லாதது. அது சிலவகைப் பிளாஸ்டிக்கையும் செயற்கை ரப்பரையுமே அரிக்கக் கூடியது.

மூன்றாவது காரணம் ரப்பரே உருமாறுவது. எண்ணெயை உறிஞ்சிய ரப்பர் ஊதி நீளும். நீண்ட உறை தன் பள்ளத்தில் அடங்காமல் ஓரிடத்தில் புடைத்துக்கொள்ளும். மேலும், ரப்பரை மென்மையாக வைப்பதற்காகச் சேர்க்கும் பொருள்கள் நாளடைவில் பசைக்குள் கசிந்து, அதை உள்ளிருந்தே இளக்குவதும் உண்டு.

சரிசெய்யும் முறை

வேண்டிய பொருள்கள் சிலவே: ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நூல் பிரியாத பருத்தித் துணி, கைப்பேசி பழுது பார்ப்போர் பயன்படுத்தும் மெல்லிய இருபக்க ஒட்டுநாடா, ஐஸ்கிரீம் குச்சி ஒன்று, பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய பட்டைகள். நம் பெங்களூருவில் எஸ்.பி. சாலைக்குச் சென்றால் நாடாவும் ஆல்கஹாலும் அருகருகே உள்ள கடைகளிலேயே கிடைத்துவிடும். கன்னடம் தடுமாறும் புது மாணவரும் அஞ்ச வேண்டியதில்லை. அங்கே 'டபுள் சைடு டேப்' என்றால் எல்லா மொழியினருக்கும் புரியும்.

முதலில் பாட்டரிகளை எடுத்துவிட வேண்டும். உறை இருக்கும் நிலையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்பு, கழன்ற முனையிலிருந்து தொடங்கிக் குச்சியால் மெல்ல நெம்பி, உறை முழுவதையும் எடுத்துவிடலாம். கத்தி வேண்டாம், அது ரப்பரையும் கிழிக்கும், கூட்டையும் கீறும். கழன்ற பகுதியை மட்டும் ஒட்டினால் போதாதா என்று தோன்றலாம். ஓரிடத்தில் தோற்ற பசை மற்ற இடங்களிலும் தோற்றுக்கொண்டிருக்கிறது என்பதே பொருள். ஆதலால் பாதி வேலை பயன் தராது.

அடுத்தது பழைய பசையை நீக்குவது. முழு வேலையிலும் இதுவே முதன்மையானது. பெருவிரலால் தேய்த்தால் பசை சிறு சிறு உருண்டையாகத் திரண்டு வரும். எஞ்சியதை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன், தின்னர், பெட்ரோல் ஆகியவற்றை அருகில் கொண்டுவரவே கூடாது. அசிட்டோன் பட்டால் கருவிக் கூடுகளுக்கு வழங்கும் பிளாஸ்டிக்குகள் கரையும். அல்லது மயிரிழை வெடிப்புகள் விடும்.

இவ்வளவு தூய்மை எதற்கு? தாமரை இலைமேல் நீர் உருண்டு ஓடுகிறது, பரவுவதில்லை. பரவாத நீர் ஒட்டுவதும் இல்லை. பசையின் இயல்பும் அஃதே. பரப்பின்மேல் படர்ந்து, அதன் நுண்ணிய மேடுபள்ளங்களில் இறங்கினால்தான் பசை பிடிக்கும். எண்ணெய் படிந்த பரப்பு பசைக்குத் தாமரை இலையாகிவிடுகிறது.

உறையைச் சோப்பு நீரில் கழுவி, நிழலில் ஒரு நாள் உலர்த்த வேண்டும். உலர்ந்தபின் பசையின்றியே பள்ளத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும். ஊதியிருந்தால் இன்னும் சில நாள் காற்றாட விடலாம். ஏறியவற்றுள் ஆவியாகக் கூடியவை வெளியேறி ஓரளவு சுருங்கும். உறை குறுகியிருந்தால் இழுத்துப் பிடித்து ஒட்டலாகாது. இழுத்து ஒட்டிய ரப்பர் இரவும் பகலும் சுருங்கப் பார்க்கும். ஓயாத இழுப்புக்குத்தான் இப்பசை தோற்கும் என்று முன்பே கண்டோம்.

நாடாவைப் பள்ளத்தின் அகலத்தைவிடச் சற்றுக் குறைவாக வெட்டி, கூட்டின்மேல் ஒட்ட வேண்டும். பொத்தான், ஒலித்துளை, இணைப்புத் துளை ஆகியவற்றின் மேல் நாடா வரக் கூடாது. பிறகு மேல்தாளை உரித்து, பொத்தான் உள்ள பகுதியில் தொடங்கி, உறையைச் சிறிது சிறிதாக அமர்த்தி அழுத்த வேண்டும். முடிந்ததும் ட்யூப் பட்டைகளைச் சுற்றி ஒரு நாள் விட்டுவிட வேண்டும். பசை படர்ந்து முழு வலிமை பெற மூன்று நாள் வரை ஆகலாம். அவசரக்காரருக்கு இவ்வேலை ஏற்றதன்று.

செய்யத் தகாதவை

நொடியில் ஒட்டும் பசையை நாடுவோர் பலர். சயனோஅக்ரிலேட்டு என்னும் அப்பொருளைக் கோடக் நிறுவனத்தின் ஹாரி கூவர் 1942-இல் முதலில் கண்டார். 1958-இல் அது பசையாக விற்பனைக்கு வந்தது. நல்ல பசைதான், ஆனால் இவ்விடத்திற்கு ஆகாது. அது கண்ணாடிபோல் இறுகும். ரப்பரோ வளையும். வளைவதையும் வளையாததையும் இணைத்தால் இணைப்பு வெடிக்கும். அதன் ஆவி திரையில் வெண்படலமாகப் படியவும் கூடும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பின்னொரு நாள் உறையைக் கழற்ற வேண்டுமானால் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். மீண்டும் பிரிக்கக் கூடியதே நல்ல பழுதுபார்ப்பு.

உறையைக் கம்பியால் கட்டுவதும், அலுமினிய நாடாவால் சுற்றுவதும் தவறு. செயற்கைக் கோளின் வானொலி அலை நம் கைக்கு வந்து சேரும்போது அதன் வலிமை ஒரு வாட்டில் ஏறக்குறைய நூறு கோடி கோடியில் ஒரு பங்கே. ரப்பர் அதற்கு வழி விடும், உலோகம் மறிக்கும்.

மற்றொன்று: கருவியின்மேல் ஐ.பி.எக்ஸ்.7 என்று பொறித்திருந்தால், ஒரு மீட்டர் ஆழ நீரில் முப்பது நிமிடம் தாங்கும் என்பது பொருள். அவ்வுறுதி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே உரியது. நாம் ஒட்டியபின் வாளி நீரில் அமுக்கிச் சோதிப்பது அறிவுடைமை ஆகாது. மழையில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துப் பயன்படுத்துவதே நன்று.

தஞ்சையில் ஒரு பழுது

அளவைக் கருவியைத் தானே செப்பனிடுவது நம் நாட்டு நில அளவைக்குப் புதிதன்று. 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து பணியைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டனிடம் அரை டன் எடையுள்ள தியோடலைட்டு ஒன்று இருந்தது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தின்மேல் அதை ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் அளக்கும் அதன் வட்டு நெளிந்தது. புதிதாக வேண்டுமென்றால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவேண்டும். லாம்ப்டன் தலைமைக் கைவினைஞர் தவிர எவரையும் விடாமல் கூடாரத்திற்குள் அமர்ந்து, கருவியைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். சரியான அளவுள்ள ஒரு வட்டத்தைப் பலகையில் வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு நெளிந்த வட்டை அதற்குப் பொருந்தும்வரை சிறிது சிறிதாக இழுத்தார். ஆறு வாரங்களில் அது ஏறக்குறையப் பழைய உருவை அடைந்தது. அளவை தொடர்ந்தது.

அந்த வட்டுக்கு முன்னால் நம் ரப்பர்ப் பட்டை மிகச் சிறியது. ஆனால் முறை ஒன்றே: பிரித்துப் பார், காரணத்தைக் காண், பொறுமையாகப் பொருத்து. இன்று பெங்களூருவை அடுத்த பியாலாலுவில், நம் நாட்டின் நாவிக் செயற்கைக் கோள்களுக்காக 2013-இல் திறக்கப்பட்ட இஸ்ரோவின் மையம் இருக்கிறது. விண்ணில் கோள்களை நிறுத்தும் நாட்டின் விஞ்ஞான மாணவர்கள், கையிலுள்ள கருவியின் ஒரு பட்டையை ஒட்டத் தெரியாமல் இருக்கலாமா? உங்கள் ஆய்வுக்கூட அலமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள், நண்பர்களே. உயிரோடு இருந்தும் ஒதுக்கப்பட்ட கருவி ஒன்று அங்கே கிடக்கக் கூடும். அதற்காகக் காத்திருக்கும் ஓர் இளைய மாணவரும் இருக்கக் கூடும்.