பனிக் காலத்தில் வண்டி கிளம்ப மறுத்தால்



மார்கழி, தை மாதங்களில் நீலகிரி மேட்டில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொந்தரவு உண்டு. ராத்திரியே கேரட்டைக் கழுவி மூட்டை கட்டி, ஜீப்பிலோ பிக்கப்பிலோ ஏற்றி வைத்திருப்பீர்கள். காலை ஏலத்துக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேரணும். வெளியே வந்தால் புல் மேலே வெள்ளை வெளேர் என்று உறைபனி. சாவியைத் திருப்பினால் வண்டி முனகுகிறது, கிளம்பவில்லை. கூட நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். 'பேட்டரி போச்சு, புதுசு வாங்கு' என்பார் ஒருத்தர். 'இறக்கத்தில் தள்ளு' என்பார் இன்னொருத்தர். இந்தக் குழப்பத்தில் நல்ல பேட்டரியைக் கழித்துப் போட்டவர்களும், செல்ப் மோட்டாரைக் கருக்கிக்கொண்டவர்களும் உண்டு.

எதையும் கழற்றுவதற்கு முன்னே ஒரு காரியம் செய்யுங்க. செல்ப் அடிக்கும்போது இன்ஜின் எப்படிச் சுற்றுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்க. வழக்கத்தைவிட மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? அப்படியானால் கோளாறு கரண்ட் பக்கம், அல்லது ஆயிலில். எப்போதும் போல வேகமாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லையா? அப்படியானால் பேட்டரி மேலே பழி போடாதீங்க. டீசல் வருகிறதா, சூடு போதுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் மெதுவாகச் சுற்றுகிற வண்டியை எடுத்துக்கொள்வோம். பேட்டரிக்குள்ளே நடப்பது ஒரு ரசாயன வேலை. குளிர் கூடக் கூட அது மந்தமாகும். 27 டிகிரி வெப்பத்தில் கொடுக்கிற சக்தியில், 0 டிகிரியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, சுற்றுவதற்கு அதிக பலம் கேட்கும். வரவு குறைகிற நேரத்தில் செலவு கூடுகிறது! அதனால்தான் விடிகாலையில் முரண்டு பண்ணின வண்டி, பத்து மணி வெயிலில் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடும். நாமும் 'சரியாப் போச்சு' என்று விட்டுவிடுகிறோம். சரியாகவில்லை, வெயில் மறைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே சோதனையைக் காலையில், வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னேயே செய்ய வேண்டும். வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.4 என்றால் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. 12-க்கு வந்துவிட்டால் சார்ஜ் ஏற்றாமல் குளிரில் இழுக்காது. செல்ப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டணும். அது காட்டவில்லையானால் குறை ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கலாம். புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் ஒரு வாரத்தில் படுத்துவிடும்.

மீட்டர் இல்லையா? ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ப் அடித்துப் பாருங்க. விளக்கு மங்கி மங்கி இன்ஜின் மெதுவாகச் சுற்றினால், பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை. விளக்கு பளிச்சென்று எரிந்தும் செல்ப் திரும்பவில்லையானால், கரண்ட் இருக்கிறது, போய்ச் சேரவில்லை. டெர்மினல், கேபிள், செல்ப் ஸ்விட்ச், இவற்றைப் பாருங்க.

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதைப் பலரும் கவனிக்கிறார்கள். ஆனால் இன்ஜினுக்கும் சேஸிசுக்கும் நடுவே போகிற எர்த் பட்டையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அது துருப்பிடித்தோ போல்ட் தளர்ந்தோ இருந்தால், எத்தனை பேட்டரி மாற்றினாலும் வண்டி இழுக்காது. செல்ப் அடித்தவுடனே கேபிள் முனைகளைத் தொட்டுப் பாருங்க. எந்த முனை சூடாக இருக்கிறதோ, அங்கேதான் பிடிப்பு சரியில்லை. கழற்றும்போது மைனஸ் கேபிளை முதலில் கழற்றணும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டணும். சமையல் சோடா கலந்த வெந்நீரால் டெர்மினலைக் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே வாசலைன் தடவுங்க. சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள்ளே போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும்.

ஆயில் விஷயம் சின்னதுதான். டப்பா மேலே 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40 என்று போட்டிருக்கும். முன்னே இருக்கிற எண் குளிருக்கு உரியது. அது குறையக் குறைய, குளிரில் ஆயில் இளக்கமாக இருக்கும். வண்டியோடு வந்த புத்தகம் அனுமதிக்கிறதில் இளக்கமானதைப் பனிக்காலத்துக்கு ஊற்றுங்க. ஸ்டார்ட் பண்ணும்போது கிளட்சை மிதித்துக்கொண்டால் கியர் பாக்ஸின் இழுப்பு குறையும்; செல்புக்கு அது பெரிய உதவி.

இனி, வேகமாகச் சுற்றியும் பற்றாத வண்டி. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும்போது அது 500 டிகிரிக்கும் மேலே சூடாகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. இரும்பே ஜில்லென்று கிடந்தால் அந்தச் சூட்டை அது உறிஞ்சிவிடும். போதாததற்கு ஊட்டி கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கீழ்நாட்டைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. கோவையில் நன்றாகக் கிளம்புகிற இன்ஜின் மலையில் அடம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது வேண்டியது கண். ஒருவர் செல்ப் அடிக்கட்டும், நீங்க சைலன்சரைப் பாருங்க. வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. சூடு போதவில்லை என்று அர்த்தம். ஹீட்டர் பிளக்கைச் சந்தேகப்படுங்க. விளக்கு அணைகிற வரைக்கும் பொறுத்தீர்களா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்க. பழைய ஜீப்புகளில் அதற்கு 15, 20 விநாடி ஆகும். சில பழைய வண்டிகளில் பிளக்குகள் சங்கிலி போலக் கோக்கப்பட்டிருக்கும். அதில் ஒன்று போனாலும் எல்லாமே வேலை செய்யாது. ஹீட்டர் பிளக் நன்றாக இருந்தும் வெள்ளைப் புகைதான் என்றால், கம்ப்ரஷனும் நாசிலும் பார்க்கணும். அது மெக்கானிக் வேலை.

புகையே வரவில்லையானால் டீசல் போகவில்லை. மேட்டில் மூக்கு தூக்கி நிறுத்திய வண்டியில், ரப்பர் ஓஸில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் போதும், ராத்திரியில் டீசல் டாங்குக்கே இறங்கி, லைனில் காற்று புகுந்துவிடும். பழைய பம்ப் வண்டியானால் ஃபில்டர் மேலே உள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கிற வரைக்கும் கைப் பம்பை அடித்துவிட்டு இறுக்குங்க. அத்தோடு விடாமல் வெடித்த ஓஸையும் மாற்றுங்க. இல்லாவிட்டால் நாளைக் காலையும் இதே கதைதான். புதுக் காமன் ரெயில் வண்டிகளில் அழுத்தம் மிக அதிகம், அந்த பைப்புகளில் கை வைக்கவே கூடாது. ஃபில்டரின் அடியில் தங்குகிற தண்ணீரை முதல் நாள் சாயங்காலமே வடித்துவிடுங்க. கோடையில் வாங்கி டிரம்மில் வைத்த டீசலைப் பனிக்காலத்துக்கு ஊற்றாதீங்க. குளிரில் அதிலுள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். மண்ணெண்ணெய் கலந்தால் பற்றும் என்று சொல்வார்கள். டீசல் பம்புக்கு எண்ணெய்ப் பசை டீசலிலிருந்துதான் கிடைக்கிறது. மண்ணெண்ணெய் கலந்தால் பம்ப் தேயும், கலப்படச் சட்டமும் பாயும்.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கார்புரேட்டர் வண்டியானால் சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, சூடேற ஏற உள்ளே தள்ளுங்க. இன்ஜெக்ஷன் வண்டியில் சாவியை ஆன் செய்து, பம்ப் சத்தம் அடங்க இரண்டு விநாடி பொறுத்து, ஆக்சிலேட்டரை மிதிக்காமல் செல்ப் அடிங்க.

எந்த வண்டியானாலும் ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேலே செல்ப் அடிக்காதீங்க. அரை நிமிஷமாவது ஆறவிட்டு மறுபடி அடிங்க. காற்று வழியில் பந்தம் காட்டுவதும், டாங்குக்கு அடியில் தீ மூட்டுவதும் வேண்டவே வேண்டாம். ராத்திரியில் பானெட் மேலே கனமான சாக்கைப் போர்த்தி வைத்து, காலையில் ஞாபகமாக எடுத்துவிட்டுக் கிளப்பினால் போதும். கிளம்பின பிறகு, குளிருக்குப் பயந்து கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஜினை ஓடவிடாதீங்க. புகையில் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷ வாயு இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது. தலை சுற்றுவதற்குள் ஆள் விழுந்துவிடுவார். வண்டியை வெளியே உருட்டி வந்து சூடேற்றுங்க.